பத்தொன்பது படங்களின் இரண்டாம் பாதி

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு ஜெயசீலி தனியாகத்தான் போவாள். காலைப் பூசைக்குக் கணவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்த் திரும்பி, சோறு வடித்து, அவர் வயிற்றில் ஊசி போட்டு, தட்டைக் கையில் கொடுத்து, "பன்னண்டு மணிக்குக் குழம்பு, மூணு மணிக்குக் கோவைக்காய், ஆறு மணிக்கு முட்டை" என்று கடிகார முள்ளின் கணக்கில் எது எங்கே இருக்கிறதென்று சொல்லிவிட்டு, கொரட்டூர் ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போவாள். இரண்டே ஸ்டேஷன், அம்பத்தூர் வந்துவிடும். கைப்பையில் தண்ணீர் பாட்டில், ஒரு சால்வை, உள்ளங்கை அகல நோட்டு, அதில் நூல்கட்டித் தொங்கும் பேனா. மற்றவர்கள் பொழுது போக்கப் படத்துக்கு வந்தார்கள். அவள் பார்த்துக்கொண்டு போய்ச் சொல்வதற்காக வந்தாள்.

சொல்ல வேண்டியது இக்னேஷியஸுக்கு. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருஷம் பரிசோதகராக இருந்தவர். சர்க்கரை அவர் கண் நரம்பைத் தின்று தீர்த்தபோது ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, கொரட்டூரில் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு வந்தார்கள். கண்ணோடு போகாமல் அவரிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, திரை ரசனை வட்டம். இருபது பேர் கொண்ட சின்ன வட்டம் அது. மாதம் ஒரு முறை டியூஷன் சென்டர் மாடியில் கூடுவார்கள், எட்டுப் பக்கத்தில் ஒரு தாள் நகலெடுத்து வெளியிடுவார்கள். அதன் கடைசி இரண்டு பக்கம் இக்னேஷியஸின் விமர்சனம். "சார் என்ன சொல்லியிருக்காரு?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பது என்று இருந்தவர்கள் வட்டத்தில் ஏழெட்டுப் பேராவது உண்டு.

கண் போன புதிதில் அவரும் தியேட்டருக்கு வந்தார். ஜெயசீலி காதோடு காதாகச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது படத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவன், "பெரிசு, கிரிக்கெட் கமென்ட்ரியா ஓடுது?" என்றான். சுற்றிலும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. டிவியில் கேட்கலாமே என்றால், "தியேட்டர்ல ஓடுற சரக்கைத் தியேட்டர்லதான் சோதிக்கணும்" என்றுவிட்டார்.

ஆகவே அவள் போனாள். வந்ததும் காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்வாள். அவரிடம் பதினான்கு கேள்விகள் இருந்தன, எல்லாப் படத்துக்கும் அதே பதினான்கு. கதாநாயகன் எப்படி அறிமுகமானான்? முதல் பாட்டு எத்தனையாவது நிமிஷம்? யார் பேசும்போது சனங்கள் செல்போனை எடுத்தார்கள்? அவள் நோட்டைப் பார்த்துப் பதில் சொல்வாள். அவர் மனதிலேயே எழுதி முடித்துவிட்டு மறுநாள் சொல்லச் சொல்ல, அவளே வெள்ளைத் தாளில் எழுதுவாள். ஒரு போலீஸ் படத்தைப் பற்றி அவர் இப்படிச் சொன்னார்: "கதாநாயகனின் முகம் தெரிய நான்கு நிமிடம். முதலில் பூட்ஸ், பிறகு கைக்கடிகாரம், பிறகு பிடரி. லாரியிலிருந்து பெரிய இயந்திரத்தைப் பாகம் பாகமாக இறக்குவதுபோல் ஒரு மனிதனை இறக்குகிறார்கள்." எழுதும்போதே ஜெயசீலிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில்லாத மனிதர் கண்ணுள்ளவளைவிட நன்றாகப் பார்க்கிறாரே என்று இருந்தது.

அந்தப் போலீஸ் படத்தில்தான் அவள் முதன்முதலில் தூங்கிப்போனாள்.

வேண்டுமென்று தூங்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் மண்ணூர்பேட்டையில் ஒரு சட்டைக் கம்பெனியில் நின்றபடியே நூல் பிசிறு வெட்டும் வேலை. ராத்திரியில் இக்னேஷியஸ் நான்கு தரம் எழுந்திருப்பார். ஒவ்வொரு தரமும் "சீலி, இது பகலா ராத்திரியா?" என்று கேட்பார். பதில் சொல்லிவிட்டுப் படுத்தால் அடுத்த கேள்விக்காகக் காது விழித்துக்கொண்டே கிடக்கும். அன்றைக்கு இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததும், ஏசிக் குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டாள். இந்த இருட்டில் யாரும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான். கண் விழித்தபோது சனங்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒப்புக்கொண்டுவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தாள். பத்தாவது கேள்வியில் அவர் முகத்தைச் சற்று முன்னால் நீட்டி, "அப்புறம்? ஓடிப்போன தம்பி என்ன ஆனான்?" என்றார். அந்த முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது.

"தம்பி திரும்பி வந்துட்டான்," என்றாள் ஜெயசீலி.

"வந்து?"

"வந்து... எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாங்க."

"ம்," என்றார். "இரண்டாம் பாதி வழக்கம்போல" என்று ஒரே வரியில் விமர்சனத்தை முடித்தார். முடிவை வெளியே சொல்லக்கூடாது, பார்க்கப் போகிறவன் வயிற்றில் அடிக்கக்கூடாது என்பது அவருடைய கட்டுப்பாடு. அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அடுத்த படத்தில் சால்வையைக் கொஞ்சம் முன்னதாகவே எடுத்தாள். அதற்கடுத்த படத்தில் இடைவேளைக்குப் பின் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. கம்பெனியில் குப்பம்மா ஒருத்திக்குத்தான் விஷயம் தெரியும். பக்கத்து மேஜையில் பித்தான் சரிபார்க்கிறவள்.

"ஏசில தூங்கறதுக்கு டிக்கெட் எடுத்துகினு போற ஒரே ஆளு நீதாங்கா," என்பாள் குப்பம்மா. "இந்த வாட்டி இன்னா படம்?"

"பேய்ப் படம்."

"பேய்ப் படத்துலயா தூங்குன? பேயே வந்து போத்தி வுட்டுருக்கும். ஊட்டுக்குப் போய் இன்னா முடிவு சொன்ன?"

"பேய மன்னிச்சு ஊட்டுக்குள்ள கூப்ட்டுச் சோறு போட்டாங்கன்னு சொன்னேன்."

குப்பம்மா கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "நீ வுடுற கதைய அவரு எழுதறாரு, அத படிச்சிட்டு நாலு பேரு தலையாட்றானுங்கோ! நீதாங்கா டைரக்டரு." பிறகு சிரிப்பு அடங்கி, "மாட்டிக்கினா இன்னா பண்ணுவ?" என்றாள். ஜெயசீலி அடுத்த சட்டையை எடுத்தாள். வேறு முடிவு ஏதாவது சொல்லியிருக்கலாம்தான். யாராவது செத்துப்போனார்கள் என்று சொல்வது இன்னும் சுலபம். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் "அப்புறம்?" என்று கேட்கும்போது, அவள் வாயில் வந்தது அது ஒன்றுதான். போனவர் வந்தார், உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்களுடைய மகன் மேக்ஸ்வெல் நான்கு வருஷத்துக்கு முன் அப்பாவோடு வாய்த் தகராறில் வீட்டைவிட்டுப் போனவன். புனேயில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், துபாய்க்குப் போய்விட்டதாக இன்னொருவர். பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை. வீட்டில் அவன் பேச்சை எடுப்பதில்லை.

பங்குனி மாதம் ஒரு திங்கட்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது, இக்னேஷியஸ் கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக் காத்திருந்தார்.

"சீலி, கைகால் கழுவிட்டுத் தாளை எடு. ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்."

இவ்வளவு உற்சாகத்தை அவர் குரலில் அவள் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"நான் பதினேழு வருஷமா எழுதறேன். எல்லாம் தனித்தனிப் படமாத்தான் பார்த்திருக்கேன். தொழிற்சாலைல சரக்கை மொத்தமா வைக்கிற மாதிரி லாட் லாட்டா வச்சுப் பார்க்கலை. நேத்து உக்காந்து கணக்குப் போட்டேன். ஒன்றரை வருஷத்துக்கு முந்தி வந்த அந்த பூட்ஸ் போலீஸ் படத்துலேர்ந்து பத்தொன்பது படம். வகை ஆறு. குறை ஒண்ணுதான், எல்லாத்துலயும் ஒரே இடத்துல ஒரே குறை! இது தற்செயல் இல்ல சீலி. அச்சே கெட்டுப்போயிருக்கு. அவனவனும் ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் எடுக்கறான். இதை இதுவரைக்கும் யாரும் எழுதலை."

ஜெயசீலி ஈரக்கையோடு நின்றாள்.

"என்னங்க... எனக்கு வயசாகுது. நான் பாக்கறதுல தப்பு இருக்கலாம். அதப் போயி..."

"உன் நோட்டுல இதுவரைக்கும் ஒரு தப்பு நான் பார்த்ததில்ல," என்றார். "பரிசோதகனா வந்திருந்தா என்னையே தாண்டியிருப்பே. எழுது."

எழுதினாள். நான்கு சாயங்காலம் ஆயிற்று. அவர் சொல்லச் சொல்ல, தலைப்பு முதல் கடைசி முற்றுப்புள்ளிவரை அவள் கையெழுத்து. பேய்ப் படம் நான்கு, போலீஸ் படம் ஐந்து, காதல் படம் மூன்று, ஊர்ச் சண்டைப் படம் நான்கு, சிரிப்புப் படம் இரண்டு, விண்வெளிப் படம் ஒன்று. முதல் பாதிகளைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் அவளுக்கும் அப்படியே பட்டது. "பேய் முன்பு பயமுறுத்தியது, இப்போது மனுக் கொடுக்கிறது." "காதலர்கள் பிரிவதற்குக் காரணம் தேடி இயக்குநர் களைத்துப்போகிறார். கடைசியில் ஒரு விசா வந்து அவரைக் காப்பாற்றுகிறது." "சிரிக்க வேண்டிய இடத்தில் பின்னணி இசையே முதலில் சிரித்துவிடுகிறது. நமக்கு வேலை இல்லை." பிறகு இரண்டாம் பாதி வந்தது. படங்கள் தியேட்டரைவிட்டுப் போய்விட்டதால் முடிவைச் சொல்வதில் பாவமில்லை என்று, பத்தொன்பது முடிவையும் வரிசை எண் போட்டுச் சொன்னார். அவள் சொன்ன பத்தொன்பதையும் அவளிடமே திருப்பிச் சொன்னார். ஒன்றுகூட அவருக்கு மறந்திருக்கவில்லை.

நான்காவது நாள் சொன்னார்: "வீட்டைவிட்டுப் போனவர் நிஜத்தில் இப்படித் திரும்புவதில்லை. போனவருக்கு வழி தெரியாமல் இல்லை, வர விருப்பமில்லை. இதைச் சொல்லத் துணியாதவர்கள்தான் இன்று படம் எடுக்கிறார்கள். பிள்ளையைத் தொலைத்தவர்களிடம் டிக்கெட் விற்கிறார்கள்."

பேனா நின்றுவிட்டது.

"எழுதிட்டியா?"

"இந்த வரி வேணுமாங்க?"

"அதுதான் கட்டுரையே."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தாள். அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. காய்ச்சல் விட்டவன் முகம்போல் தெளிந்திருந்தது. இதைப் பிடுங்கிவிட்டால் இந்த மனிதரிடம் என்ன மிச்சமிருக்கும் என்று நினைத்தாள். கூடவே, இல்லையென்று சொல்ல முடியாது, இன்னொன்றும் நினைத்தாள்: சொல்லிவிட்டால் அடுத்த படத்தில் தூக்கம் கிடையாது. அந்த நினைப்புக்காகப் பிற்பாடு அவள் தன்னை மன்னிக்கவேயில்லை.

"எழுதிட்டேன்," என்றாள்.

இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு வட்டம் கூடியது. தாளை நடத்தும் பார்த்தசாரதி, ஓய்வுபெற்ற தபால்காரர், எழுந்து வந்து இக்னேஷியஸைக் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தார். பதினாறு பேர் வந்திருந்தார்கள். படிக்க வேண்டியவள் ஜெயசீலி. சிலதை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்று படியேறும்போதே யோசித்தாள். முடியாது. அவள் தொடங்கியதும் அவர் உதடுகளும் கூடவே அசைந்தன. முழுவதும் அவருக்கு மனப்பாடம்.

முதல் பாதிகளுக்குத் தலையாட்டினார்கள். முடிவுகளின் பட்டியல் தொடங்கியதும் பின்னாலிருந்து ஒருவர் களுக்கென்று சிரித்தார். மூன்றாவது முடிவுக்கு நான்கு பேர் சிரித்தார்கள். ஏழாவதில் அறையே சிரித்தது. விண்வெளிக்குப் போனவன் திரும்பி வந்து அக்கா வீட்டில் ரசஞ்சோறு சாப்பிடும் இடத்தில், கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற தமிழரசு பெஞ்சில் தட்டிக்கொண்டு அழுகிற அளவுக்குச் சிரித்தான். இக்னேஷியஸ் முகத்தில் பெருமை. தான் கண்டுபிடித்ததை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள் என்று நினைத்தார். ஜெயசீலி தாளைத் திருப்பினாள். மேலே படித்தாள். நிறுத்துவதற்கும் தைரியம் வேண்டும்.

முடித்ததும் பலமாகக் கைதட்டினார்கள்.

"சார், பின்னிட்டீங்க!" என்றான் தமிழரசு. "இப்படி ஒரு நக்கல் நான் படிச்சதே இல்ல."

"நக்கலா?" என்றார் இக்னேஷியஸ், சிரித்த முகமாகவே.

கல்லூரியில் படிக்கும் ஷர்மிளா சொன்னாள்: "ஆமா சார். அந்த போலீஸ் படத்துல தம்பியத் துண்டு துண்டா வெட்டி எடுத்துட்டு வருவாங்க. நீங்க அவன வந்து சாப்பிட்டான்னு எழுதியிருக்கீங்க பாருங்க! இப்ப வர்ற படமெல்லாம் ரத்தம், சாவு, பார்ட் டூ. அதுக்கு நேர் எதிரா ஒவ்வொரு முடிவையும் மாத்தி, ஒரே மாதிரி இருக்குன்னு குறை சொல்லி... செம ஐடியா சார்."

இக்னேஷியஸ் முகம் உடனே மாறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறியது. ஜெயசீலி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி சாகறானா?" என்றார்.

ஷர்மிளா பார்த்தசாரதியைப் பார்த்தாள்.

"தமிழரசு. நீ எல்லாப் படமும் பார்ப்பே. ஒண்ணாம் நம்பர்லேர்ந்து சொல்லு. நிஜ முடிவு."

"சார், அது எதுக்கு இப்ப..."

"சொல்லுப்பா."

தமிழரசு சொன்னான். முதலில் வேகமாகச் சொன்னான், போகப் போகக் குரல் இறங்கியது. பேய் வீட்டோடு எரிகிறது. ஊர்ச் சண்டையில் இரண்டு பக்கமும் செத்து, ஒரு கைக்குழந்தை மட்டும் மிஞ்சுகிறது. காதலி ரயிலில் போய்விடுகிறாள், திரும்பிப் பார்ப்பதில்லை. விண்வெளிக்காரனுக்கு மூச்சுக்காற்று தீர்ந்துபோகிறது. பத்தொன்பதையும் சொல்ல வைத்தார். ஒவ்வொன்றுக்கும் "ம்" என்று எண்ணிக்கொண்டார். கீழே டியூஷன் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்டது.

பார்த்தசாரதிக்குப் புரிந்துவிட்டது. நல்ல மனிதர். "எதுக்கு சார் இவ்வளவு ஆராய்ச்சி? கிண்டல் கட்டுரை, பிரமாதமான கிண்டல் கட்டுரை. அப்படியே போட்டுடறேன்," என்றார். ஒதுங்கிக்கொள்ள அவர் ஒரு இடம் காட்டினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"நான் கிண்டல் எழுதினதில்ல, பார்த்தசாரதி," என்றார் இக்னேஷியஸ். "நான் இதை நிஜம்னு நினைச்சு எழுதினேன்."

பதினாறு பேரும் ஜெயசீலியைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு ஆட்டோ பிடித்தார்கள். ஏரிக்கரை திரும்பியதும், "தூங்கினியா?" என்றார்.

"ஆமாங்க."

"எல்லாத்துலயும்?"

"இடைவேளைக்கு அப்புறம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அனுப்பியிருக்க மாட்டீங்க."

"தூங்கணும்னு கேட்டிருந்தா தூங்கச் சொல்லியிருப்பேனே."

"வீட்ல தூக்கம் வராதுங்க," என்றாள்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. அந்தப் பத்தொன்பது பேரும் ஏன் சாப்பிட வந்தார்கள் என்றும் கேட்கவில்லை. தெரிந்ததால் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் வேலையிலிருந்து வந்தவளைத் தாளை எடுக்கச் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "தொழிற்சாலையில ஒரு விதி உண்டு. அளக்கிற கருவி தப்புன்னு தெரிஞ்சா, அந்தக் கருவியால பாஸ் பண்ணின சரக்கு அத்தனையையும் திரும்பக் கூப்பிடணும். ஓடிக்கிட்டிருந்தாலும் சரி. எழுது. திரை ரசனை வட்டத்துக்கு."

அவள் எழுதினாள். அவளே கருவி, அவளே எழுதினாள்.

"கீழ்க்கண்ட பத்தொன்பது படங்கள் குறித்த என் விமர்சனங்களைத் திரும்பப் பெறுகிறேன். ஒன்று: போலீஸ் படம். இரண்டாம் பாதி பரிசோதிக்கப்படவில்லை. இரண்டு: பேய்ப் படம். இரண்டாம் பாதி பரிசோதிக்கப்படவில்லை." பத்தொன்பது முறையும் முழு வாக்கியமாகச் சொன்னார். 'மேற்படி' என்று சுருக்க விடவில்லை. கடைசியில், "இனி என்னிடமிருந்து விமர்சனங்கள் வரா. முதல் பாதிகளைப் பற்றி எழுதியதையும் நம்ப வேண்டியதில்லை" என்று முடித்தார்.

"முதல் பாதியெல்லாம் நான் முழிச்சுத்தாங்க பார்த்தேன். நோட்டு இருக்கு."

"இருக்கலாம்," என்றார். "எனக்கு எப்படித் தெரியும்?"

படித்துக் காட்டச் சொன்னார். காட்டினாள். ஒரு எழுத்து மாற்றவில்லை. பிறகு தயங்கித் தயங்கி, அந்நியரிடம் உதவி கேட்கிறவர்போல மரியாதையான குரலில் சொன்னார்: "உறையில போட்டு ஒட்டிடாதே. பார்த்தசாரதியை வரச் சொல்லு. அவர் ஒரு தடவை படிச்சுக் காட்டட்டும்."

ஜெயசீலி தாளை மடித்து மேஜைமேல் வைத்தாள். சாப்பாட்டுக்கு முந்திய மாத்திரைக்கு நேரமாகியிருந்தது. பட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, தண்ணீர் டம்ளரோடு அவர் கையில் கொடுத்தாள்.

"இது எது?"

"சர்க்கரை மாத்திரைங்க. எப்பவும் போடறது."

அவர் வாயில் போடவில்லை. மாத்திரையை விரல்களுக்கிடையே வைத்து, ஓரத்தையும் நடுக்கோட்டையும் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.